‘பால் பத்தலை’ என்று தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு

பிள்ளைபெற்றவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கூட இருக்கிற அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும், பெரியம்மா, சித்தி, அத்தைமார்களுக்கும் இந்த மடல்.

தாய்ப்பாலைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படுவதெல்லாம் தாய்க்கே சொல்லப்படுகிறது. வார்டுச் சுவரில் இருக்கிற படம் அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரம், தாய்ப்பால் வாரம் என்று மைக் பிடிக்கிறவர் அவளுக்குத்தான் புத்தி சொல்கிறார். அவளோ தையல் இழுக்க இழுக்கப் படுத்திருக்கிறாள், மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை. அந்த நிலையில் அவள் எதையும் முடிவு செய்வதில்லை. முடிவு செய்கிற நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்கோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடலை உங்கள் பேருக்கு எழுதுகிறேன்.

நான் கொங்குப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில், பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பனியன் கம்பெனிப் பெண்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுவேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்த வார்டுக்கு வந்தார்கள். வசதியுள்ள சொந்தக்காரப் பெண்கள் தனியாரில் பெற்றுவிட்டு எனக்கு போன் போட்டார்கள். பால் ஏன் நின்றது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் பதில் ஒன்றுதான்: “பத்தறதில்லீங்க.” நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் பத்தாமல் போனது நேரம். ஆரம்ப வாரங்களில் பச்சைக் குழந்தை நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். ஒவ்வொரு தடவைக்கும் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம். கூட்டிப் பாருங்கள், அதுவே ஒரு ஷிப்ட் வேலை. அந்த நேரத்தை அவளிடமிருந்து எது பிடுங்கிக்கொள்கிறது என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

முதல் மூன்று நாளைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். பல பேருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அநேகமாக ஒழிந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்கிறது. பெருமைதான். ஆனால் அதே கணக்கெடுப்பில், ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவை தமிழ்நாட்டில் 55.1 சதவீதம், நாடு முழுவதற்குமான கணக்கு 63.7. ஆஸ்பத்திரி, டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாவற்றிலும் நமக்குப் பின்னால் நிற்கிற மாநிலங்கள் இந்த ஒன்றில் நமக்கு முன்னால் நிற்கின்றன. ஆபரேஷன் இதில் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். அந்தக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 64. வயிற்றைக் கிழித்துத் தைத்தவள் புரண்டு படுக்க முடியாது, உட்கார முடியாது. குழந்தையை யாராவது தூக்கி மார்பில் வைத்துப் பிடிக்க வேண்டும். பால் இறங்குவதும் சுகப்பிரசவத்தைவிட ஒரு நாள் தள்ளிப் போகலாம். அந்த ஒரு நாளில்தான் பால்மாவு டப்பா உள்ளே வருகிறது.

எப்படி வருகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டாம் நாள் ராத்திரி மணி இரண்டு. குழந்தை விடாமல் அழுகிறது. மாமியார் மருமகளின் மார்பைப் பீச்சிப் பார்க்கிறார். மஞ்சளாய் இரண்டு சொட்டு. “ஒண்ணுமே இல்லியே, சிஸ்டர்!” வார்டில் நாற்பது பேருக்கு ஒரு நர்ஸ், அவள் அந்த நேரம் வேறொருத்திக்கு ரத்தப்போக்கு பார்த்துக்கொண்டிருப்பாள். எதிர்த்தாற்போல் மெடிக்கல் ஷாப் ராத்திரியெல்லாம் திறந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில் டப்பா, வெந்நீர், பாலாடை. முப்பது மில்லி உள்ளே போனதும் குழந்தை நாலு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறது. “பாத்தீங்களா, பசிதான்!” மாமியார் முகத்தில் ஒரு நிம்மதி. மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். விடிந்தால் மார்பு கல்லாகக் கட்டியிருக்கிறது, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. வயிறு நிறைந்த குழந்தை கவ்வ மறுக்கிறது, அழுந்தக் கவ்வினால் அவளுக்கு உயிர் போகிறது. “பாவம், வலிக்குது, விடு” என்று இரண்டாவது தடவையும் டப்பா. சாயங்காலத்துக்குள் ‘இவளுக்குப் பால் இல்லை’ என்பது வார்டு முழுக்கத் தெரிந்த செய்தியாகிவிடும்.

அந்த இரண்டு மஞ்சள் சொட்டுதான் சீம்பால். முதல் நாளில் குழந்தை ஒரு தடவைக்குக் குடிக்கிறதே ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். பால் பெருகி வர இரண்டு முதல் நாலு நாள் ஆகும். அதற்குள் குழந்தை எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். பயப்பட வேண்டிய குழந்தை எது என்பதற்கு வேறு அடையாளம் இருக்கிறது: எழுப்பினாலும் எழாத குழந்தை, மஞ்சள் பூத்துக்கொண்டே போகிற குழந்தை, ஐந்து நாளுக்குப் பிறகும் நாளைக்கு ஆறு தடவை நனைக்காத குழந்தை. அதற்கு டாக்டர் இருக்கிறார். பீச்சிப் பார்ப்பது எதற்கும் அடையாளம் இல்லை. பயந்துகிடக்கிற பெண்ணின் மார்பை நாலு பேருக்கு முன்னால் அழுத்தினால் வருகிற பாலும் நின்றுவிடும். வலியும் பயமும் பாலை வெளியே விடாது, அது உடம்பின் கணக்கு.

சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், வீதியில் கழுதையை ஓட்டி வந்து ஒரு சங்கு பால் இவ்வளவு என்று விற்பது, இவற்றையெல்லாம் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். பழைய காலத்துக் கிழவிகளைத் திட்டுவது சுலபம். நான் பார்த்த வரையில் தேனைவிட டப்பாதான் அதிகப் பாலை நிறுத்தியது. தேனை ஒரு தடவை தொட்டு வைப்பார்கள், தப்புத்தான், ஆனால் அதோடு முடியும். டப்பா ஒரு தடவையோடு நிற்பதில்லை. 1992-இலேயே சட்டம் போட்டு, 2003-இல் அதை இறுக்கி, இந்த மாவுக்கு விளம்பரமும் இலவச சாம்பிளும் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். விளம்பரம் இல்லாமலே விற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் குழந்தை அழுவதைவிடப் பெரிய விளம்பரம் எது?

பால் ஊறுகிற விதத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு தூர்ந்துபோகும். மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை போல என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. ராத்திரி கொடுக்கிற பாலுக்குச் சுரக்க வைக்கிற சக்தி அதிகம். “புள்ள தூங்கட்டும், ராத்திரிக்கு நான் டப்பாப் பால் குடுத்துக்கறேன்” என்று அன்பாகச் சொல்கிறீர்களே, நாளைக்கு ஊற வேண்டிய பாலைத்தான் அது எடுத்துக்கொண்டு போகிறது.

ஆறாவது வாரத்தில் இன்னொரு கண்டம் வரும். கெட்டியாக இருந்த மார்பு தொளதொளவென்று ஆகும். குழந்தையோ சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிடித்தால் ஒன்பது மணிவரை விடாது. “பால் வத்திப்போச்சு” என்று அப்போது ஒரு தீர்ப்பு. உண்மையில் தேவைக்கேற்ப ஊற உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான். குழந்தை வளர்கிற வேகத்தில் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கேட்கிறது. வாரத்துக்கு 150, 200 கிராம் ஏறுகிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் எடை போட்டுப் பாருங்கள். தராசு சொல்வதை நம்புங்கள்.

இனி அவரவர் வீட்டுக்கு வருகிறேன்.

திருப்பூரில் செக்கிங்கிலோ ஓவர்லாக்கிலோ இருக்கிற பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு இருக்கலாம். பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டரிடம் இருக்கிறவளுக்கு அது கிடையாது. சனிக்கிழமை கைக்கு வருகிற கூலியில்தான் வாடகை. மூன்றாம் மாதமே போய்விடுவாள். எக்ஸ்போர்ட் ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனவள் ராத்திரி ஒன்பது மணிக்கு வருவாள். பதினோரு மணிக்கு மார்பு கட்டி ஜாக்கெட் நனையும். துப்பட்டாவால் மூடிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று சாக்கடையில் பீச்சிவிட்டு வருவாள். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், அந்த நேரத்துப் பீஸும் போச்சு. இரண்டாம் வாரம் மார்பு கட்டாது. பால் போய்விட்டது. இவளுக்கு ‘தாய்ப்பாலின் மகத்துவம்’ தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு சொட்டும் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், சாக்கடையில் விட்டவள் அவள்தானே.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை அங்கே போய் வரலாம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட 2 இடைவேளை தர வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. காப்பகம் என்று பலகை மாட்டிய அறைக்குள் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது இருந்தாலுமே, கம்பெனி வேனில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு வருகிறவள் கைக்குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு வருவாள்? அதனால்தான் குழந்தை தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ ஆத்தாளிடம் போகிறது. அந்த ஆத்தாக்களும் இந்த மடலைப் படிக்க வேண்டும். டப்பாவை நீங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாலு நாளில் தீர்ந்துபோகிற டப்பாவை எட்டு நாளுக்கு இழுக்க, ஒரு கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு அரைக் கரண்டி போடாதீர்கள். குழந்தை அழாமல் குடிக்கும், தேறாது.

கணினிக் கம்பெனிப் பெண்ணின் கதை வேறு. 2017-இல் விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். ஆனால் அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிடலாம். கால் வீங்கி, ரத்தக்கொதிப்பு ஏறி, முன்னாடியே லீவு போட்டவளுக்குக் கையில் மிஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். அதையும் முழுசாக விடுவதில்லை. “ஆபீஸ் போகணும்ல, இப்பவே பாட்டில் பழக்கிடு” என்று மூன்றாம் மாதமே ஆரம்பித்துவிடுகிறோம். பழக்கிய பாட்டிலுக்கு மார்பைப் போல மெனக்கெட வேண்டாம், கவிழ்த்தால் வரும். குழந்தை புத்திசாலி, எது சுலபமோ அதைப் பிடித்துக்கொள்ளும். இவளுக்கு பம்பு இருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது, ஏசி அறை இருக்கிறது. மீட்டிங்கிலிருந்து எழுந்து போக தைரியம் மட்டும் வேண்டும்.

அரசு வேலையில் இருப்பவளுக்கு 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம் விடுப்பு. அதே ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வருகிற காண்ட்ராக்ட் பெண்ணுக்கு அது இல்லை.

காட்டு வேலைக்குப் போகிறவள் பெரும்பாலும் பாலை நிறுத்துவதில்லை. வேப்பமரத்தில் தூளி கட்டிவிட்டுக் களை எடுப்பாள், நடுவில் வந்து கொடுப்பாள். அவளுடைய சிக்கல் வேறு. “வெயில்ல நின்ன பாலு, சூடு புடிச்சிருக்கும், பீச்சி விட்டுட்டுக் குடு” என்று சொல்லிச் சொல்லி அவள் பாதிப் பாலை மண்ணில் விடுகிறாள். மார்புக்குள் இருக்கிற பால் வெயிலில் கெடாது, புளிக்காது. அதேபோல் அக்னி நட்சத்திரத்தில் தொண்டை வறளுமே என்று குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கிறீர்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். குட்டி வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கு இடம் ஏது? தண்ணீர் வேண்டியது தாய்க்கு. ஆனால் அவளுக்கு மட்டும் “வயிறு பெருத்துடும்” என்று அரை டம்ளர் அளந்து கொடுக்கிறோம்! நூறு நாள் வேலையில், ஐந்து சின்னக் குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் நடக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.

தோட்டம், கிணறு, கறவை மாடு என்று வசதியாக இருக்கிற வீட்டில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். “நாலு கறவை நிக்குது, பாலுக்கா பஞ்சம்?” என்று மூன்றாம் மாதத்திலேயே மாட்டுப்பால் காய்ச்சித் தண்ணீர் கலந்து ஊற்றுகிறார்கள். ஒரு வயதுக்கு முன்னால் மாட்டுப்பாலைக் குடிக்கப் பழகிய குழந்தை வெளுத்துப் போகும், ரத்தம் ஊறாது. அந்த வீட்டு மருமகள் வேலைக்குப் போகிறவள் அல்ல. நேரம் அவளிடம் இருக்க வேண்டும். இருக்காது. காலையில் பத்துப் பேருக்குப் பலகாரம், ஆளுக்காரங்களுக்குச் சோறு, பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்குக் காபி. மாமனார் திண்ணையில் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போக வேண்டும், அடுப்பில் இருப்பது தீயும். பத்தே நிமிஷத்தில் குழந்தையைப் பிடுங்கித் தூளியில் போட்டுவிட்டு ஓடுவாள். அரைவயிற்றுக் குழந்தை அழும். மறுபடி அதே தீர்ப்பு.

“இந்தக் காலத்துப் பொண்ணுக அழகு போயிரும்னு குடுக்கறதில்லை” என்று கல்யாண வீட்டில் நீங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு பெண்ணை என் வார்டில் நான் பார்த்ததில்லை. பால் வரவில்லை என்று அழுதவர்களைத்தான் பார்த்தேன்.

பக்கத்தில் உதவிக்கு ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். அங்கே 2016 கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டும் குடித்தன. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாட்களிலேயே ஊர் மருத்துவமாது படியேறி வந்து, குழந்தை சரியாகக் கவ்வுகிறதா என்று உட்கார்ந்து பார்க்கிற ஏற்பாடு அங்கே ரொம்பக் காலமாக இருக்கிறது. நம் கிராம சுகாதார செவிலியரும் வரத்தான் செய்கிறார். ஆனால் தடுப்பூசி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கணினிப் பதிவு என்று அவர் தலையில் இருப்பது கொஞ்சமல்ல. மூன்றாம் நாள் மார்பு கட்டுகிறபோது வீட்டில் இருப்பது நீங்கள்தான்.

உங்கள் கைமருந்து அறிவை நான் குறைத்து மதிக்கிறவள் இல்லை. பாலை வற்றவைக்க மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவீர்களே, அதை வேலூரில் மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பலிக்கிறது என்று 1988-இல் எழுதினார்கள். பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், பெற்ற உடம்புக்குச் சத்து வேண்டும். ஆனால் எத்தனை பூண்டு உரித்தாலும், குழந்தை சப்பாத மார்பில் பால் ஊறாது. பூண்டு உரிக்கிற நேரத்தில் அவள் செய்கிற வேலையை வாங்கிக்கொண்டால் அது இன்னும் நல்ல மருந்து.

வேலைக்குத் திரும்புகிற பெண்ணுக்கு உங்களால் முடிவது இன்னொன்று உண்டு. காலையில் கிளம்பும் முன் அவள் கையால் பீச்சி, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். வெளியே என்றால் நாலு மணி நேரத்துக்குள், கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பிரிட்ஜ் இருந்தால் நாலு நாள் வரை இருக்கும். காய்ச்ச வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். பாட்டில் வாங்காதீர்கள். உங்கள் பரணில் ஒரு பாலாடை கிடக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் நாங்கள் கையில் எடுக்கிறது அதே பாலாடைதான். கழுவுவது சுலபம், குழந்தை மார்பை மறக்காது. அவள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தாலும் சரி, சோறு போட்டுக் கையில் கொடுத்துவிட்டு அவள் மடியில் குழந்தையைப் போடுங்கள். பாத்திரம் நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம்.

அவளுக்குக் காய்ச்சல், சளி என்றால் பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். மாத்திரை எழுதும்போதே ‘பால் கொடுக்கிறவள்’ என்று டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்றதை எழுதுவார். குழந்தைக்கு வயிற்றாலே போனாலும் பால் நிற்கக் கூடாது. (வீட்டு ஆண்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். அது இதைவிட நீளமாக இருக்கும்.)

டப்பாவை ஏற்கெனவே திறந்துவிட்டவர்கள் இதை மடித்து வைத்துவிட வேண்டாம். மூன்று வாரம் டப்பாப் பாலில் இருந்த குழந்தையும் மார்புக்குத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு தடவையும் முதலில் இரண்டு மார்பிலும் விட்டு, அப்புறம் மிச்சத்துக்கு மட்டும் பாலாடையில் கொடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அந்த மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நனைக்கிற துணியை எண்ணிக்கொண்டே இருங்கள், வாரம் ஒரு முறை எடை போடுங்கள். தாயின் வெறும் மார்பில் குழந்தையைத் துணியில்லாமல் ஒட்டிப் போட்டு மேலே ஒரு போர்வை போர்த்திவிடுங்கள். ராத்திரிப் பாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

இவ்வளவும் செய்து பால் வராத பெண்களும் இருக்கிறார்கள். தைராய்டு, மார்பில் பழைய ஆபரேஷன், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிப்போனது என்று உண்மையான காரணங்கள் உண்டு. கொஞ்சம் பேர்தான், ஆனாலும் உண்டு. உங்கள் வீட்டுப் பெண் அவர்களில் ஒருத்தி என்றால் டாக்டர் சொன்ன டப்பாவைச் சொன்ன அளவில் கரைத்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து “பால் இல்லையா?” என்று கேட்டால், பதில் அவள் சொல்லும்படி விடாதீர்கள். நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு ராத்திரி கண்விழித்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ்